க்ரைம் நாவல் போடும் பதிப்பாளர்களுக்கு ஒரு வாசகியின் திறந்த மடல்

அன்புள்ள தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். துப்பறியும் நாவல், மர்ம நாவல், க்ரைம், த்ரில்லர் என்று நீங்கள் எந்தப் பெயரில் போட்டாலும் காசு கொடுத்து வாங்குகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. பாக்கெட் நாவல் காலத்திலிருந்தே உங்கள் வாடிக்கை. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

பெண்கள் எழுதிய க்ரைம் நாவல் வேண்டும் என்று உங்கள் கடைகளில் கேட்டுப் பாருங்கள். முதலில் ரமணிசந்திரன் இருக்கும் பக்கம் கை காட்டுவார்கள். "அது இல்லைங்க, கொலை, போலீஸ், துப்பறியறது..." என்றால் கொஞ்சம் யோசனை. அப்புறம், "அகதா கிறிஸ்டியா?" என்பார்கள். அதோடு சரி. கிறிஸ்டியின் முதல் நாவல் வந்தது 1920இல். அவர் காலமானது 1976இல். நூறு வருடமாக உலகமெங்கும் பெண்கள் க்ரைம் எழுதிக் குவித்திருக்கிறார்கள். நம் கடைக்காரர் நினைவுக்கு வருவது அந்த ஒரு பெயர்தான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் போட்டால்தானே அவர் அடுக்கி வைப்பார்.

நம் பழைய வரிசை மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு, தேவன், தமிழ்வாணன், சுஜாதா, ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று எல்லாரையும் படித்து வளர்ந்தவள்தான். சங்கர்லாலின் தேநீரும் வசந்த்தின் வம்பும் சுசீலாவின் டி-ஷர்ட் வாசகமும் எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த டி-ஷர்ட்டை இப்போது நினைத்தால் சிரிப்போடு வேறொன்றும் தோன்றுகிறது. துப்பறிகிற ஆண்களுக்குத் துணையாகச் சுசீலா, வைஜயந்தி, ரூபலா என்று மூன்று பேரைப் பார்த்துவிட்டோம். கூடவே வருவார்கள், சமயத்தில் சாமர்த்தியமாக ஏதாவது செய்வார்கள். மூன்று பேரையும் படைத்தவர்கள் ஆண்கள். அவர்களில் ஒருத்தி தனியாக ஒரு வழக்கை எடுத்துத் தன் கணக்கில் முடித்தாள் என்றால், அதை ஒரு பெண் எழுதினாள் என்றால், எப்படி இருக்கும்? அந்தப் புத்தகம்தான் எனக்கு வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. அட்டையைப் பார்த்தால் தமிழ் க்ரைமில் பெண் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. சுஜாதா, புஷ்பா தங்கதுரை, இந்திரா சௌந்தர்ராஜன். உள்ளே இருந்தவர்கள் ரங்கராஜன், வேணுகோபாலன், சௌந்தர்ராஜன். மேற்கே போனால் கதை தலைகீழ். ஜோசஃபின் டே என்ற பெயரில் துப்பறியும் நாவல் எழுதிய எலிசபெத் மெக்கின்டாஷ், நாடகத்துக்கு வைத்துக்கொண்ட பெயர் கார்டன் டேவியட். பி.டி. ஜேம்ஸ் வெறும் இனிஷியலோடு வந்தார். பிரான்ஸின் ஃப்ரெட் வர்காஸ் ஒரு பெண், தொல்லியல் ஆய்வாளர். ஹாரி பாட்டர் எழுதி ஊரெல்லாம் பேர் வாங்கிய ரௌலிங்கூட, 2013இல் துப்பறியும் நாவலோடு வந்தபோது ராபர்ட் கால்பிரெய்த் என்று ஓர் ஆண் பெயரைத்தான் போட்டுக்கொண்டார்.

தமிழில் பெண்கள் இதை எழுதவே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925இலிருந்து 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தியவர். 115 நாவல் எழுதியவர். சின்ன வயதிலேயே கல்யாணம், பள்ளிக்கூடம் போகவில்லை, முதல் நாடகத்தை வாயால் சொல்லத் தோழி எழுதித் தந்தார் என்பதெல்லாம் தெரிந்த கதை. அவர் துப்பறியும் நாவல்களும் எழுதினார். அந்த இழையை அப்புறம் அதிகம் பேர் பிடித்து இழுக்கவில்லை. பெண் எழுத்தாளர் என்றால் குடும்ப நாவல் என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. வாடகை நூலகங்களில் பார்த்திருப்பீர்கள்: ஒரு பக்கம் க்ரைம் பைண்டுகள், எதிர்ப்பக்கம் குடும்ப நாவல் பைண்டுகள். ஆண் எழுதியது இங்கே, பெண் எழுதியது அங்கே. இரண்டு பக்கமும் எடுத்துப் போனது என்னவோ எங்களைப் போன்ற பெண்கள்தான்.

எதிர்ப்பக்க அலமாரியில் இருந்ததெல்லாம் என்ன? சொத்துத் தகராறு, வரதட்சணை, சந்தேகக் கணவன், மருமகளை ஆட்டிவைக்கும் மாமியார், பீரோவுக்குள் ஒளித்த கடிதம், யாருக்கும் தெரியாத முதல் கல்யாணம். கொலை ஒன்றுதான் நடக்கவில்லை. நடந்திருந்தால் அத்தனையும் க்ரைம் நாவல். கிறிஸ்டி முதல் உலகப்போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து விஷத்தைப் பற்றிக் கற்றுக்கொண்டார். வாழ்நாள் முழுக்க அந்த அறிவை வைத்துக் கதை பண்ணினார். குடும்ப நாவல் எழுதிய நம் லக்ஷ்மி படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர். ஒரு பத்திரிகை ஆசிரியர் அவரிடம், "அம்மா, ஒரு விஷக் கொலை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

ஏன் பெண்கள் எழுதியதே வேண்டும் என்கிறாய், நல்ல கதை யார் எழுதினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஒதுக்கீடு கேட்டு நான் வரவில்லை. அந்தப் புத்தகங்களில் குற்றம் வேறு இடத்தில் நடக்கிறது, அதனால்தான் கேட்கிறேன். சிலவற்றைச் சொல்கிறேன்.

ஜப்பானில் நட்சுவோ கிரினோ என்றொரு எழுத்தாளர். அவருடைய 'அவுட்' 1997இல் வந்தது. டோக்கியோ புறநகரில் டப்பாச் சாப்பாடு அடைக்கும் ஒரு தொழிற்சாலை. அங்கே இரவு ஷிப்ட் பார்க்கும் நான்கு பெண்கள். பகல் ஷிப்ட்டைவிடச் சம்பளம் கொஞ்சம் கூட என்பதால் வருகிறவர்கள். ஒருத்தி வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார். இன்னொருத்தி ஆடம்பரப் பொருள் வாங்கிக் கடனில் மூழ்கியவள். மூன்றாமவள் யாயோயி. அவள் கணவன் சேமிப்பையெல்லாம் சூதாட்டத்தில் விட்டுவிட்டு வந்து கை நீட்டுகிறான். ஒருநாள் இரவு அவள் அவனைக் கொன்றுவிடுகிறாள். பிணத்தை என்ன செய்வது? கூட வேலை பார்ப்பவளைக் கூப்பிடுகிறாள். அவள் வீட்டுக் குளியலறையில் அடுத்த வேலை நடக்கிறது. வரிசையில் நின்று இறைச்சியும் சோறும் அடைத்துப் பழகிய கைகள், அதே ஒழுங்கோடு இதையும் செய்கின்றன. படிக்கும்போது வயிற்றைப் புரட்டும். ஆனால் கீழே வைக்க முடியாது. போலீஸ் வருகிறது, போகிறது. கதை அவர்களைப் பற்றியது இல்லை. யார் எவ்வளவு கேட்டாள், யார் எவ்வளவு வாங்கிக்கொண்டாள், எவள் வாயைத் திறப்பாள் என்பதுதான் கதை. ஆங்கிலத்தில் 2003இல் வந்து, அமெரிக்காவின் எட்கர் விருது இறுதிப் பட்டியல் வரை போனது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நள்ளிரவில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்களையும், திருப்பூரில் ஷிப்ட் முடிந்து வருகிற பெண்களையும் பார்த்தவர்களுக்கு இந்த நாவல் வெளிநாட்டுக் கதையாகத் தோன்றாது. இதைத் தமிழில் நல்ல மொழிபெயர்ப்பாகப் படிக்கிற ஒரு இருபத்தைந்து வயதுப் பெண், அடுத்த வருடம் நம் ஊர் ஷிப்ட் பஸ்ஸை வைத்து ஒன்று எழுதிக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நிற்பாள்.

அதே ஜப்பானில் மியுகி மியாபே. 1992இல் வந்த அவருடைய 'காஷா'வை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்காலில் அடிபட்டு விடுப்பில் இருக்கும் ஒரு போலீஸ்காரர். உறவுக்காரப் பையனுக்கு நிச்சயமான பெண் திடீரென்று காணாமல் போகிறாள். கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்த இடத்தில் அவள் பெயரில் ஏற்கெனவே ஒரு திவால் வழக்கு இருப்பது தெரியவருகிறது. தேடத் தேட, அந்தப் பெயருக்கு உரியவள் வேறு, இவள் வேறு என்று புரிகிறது. நடுவில் ஒரு வக்கீல் உட்கார்ந்து, சாதாரணச் சம்பளக்காரர்கள் கார்டுக் கடனில் எப்படி விழுகிறார்கள் என்று பக்கம் பக்கமாக விளக்குவார். வேறு நாவலாக இருந்தால் தாண்டிப் போயிருப்பேன். இதில் அந்தப் பக்கங்கள்தான் துப்பு. கடன் செயலிகளில் மாட்டித் தவிக்கிறவர்கள் நிறைந்த இந்த ஊரில், முப்பது வருடம் முந்தைய நாவல் இன்றைய செய்தித்தாள் மாதிரி இருக்கும்.

இங்கிலாந்தின் ரூத் ரெண்டெல் 1977இல் ஒரு நாவல் எழுதினார். பெயர், 'எ ஜட்ஜ்மென்ட் இன் ஸ்டோன்'. யார் கொன்றது, யாரைக் கொன்றது, எதற்காகக் கொன்றது என்று மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே போட்டு உடைத்துவிடுகிறார். ஒரு பணக்கார வீட்டுக்கு வேலைக்கு வந்தவள் அந்தக் குடும்பத்தையே கொல்கிறாள். காரணம், அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவ்வளவுதான். எல்லாம் தெரிந்த பிறகும் கடைசிப் பக்கம் வரை விட மாட்டீர்கள். மேசைமேல் வைத்துவிட்டுப் போன ஒரு துண்டுச் சீட்டு, வாங்கி வரச் சொன்ன சாமான் பட்டியல் என்று ஒவ்வொன்றும் அவளுக்கு எப்படி ஒரு மிரட்டலாகிறது என்று பார்க்கப் பார்க்க நமக்கு வேர்க்கும். 'கடைசி வரை சஸ்பென்ஸ்!' என்று பின்னட்டையில் போட முடியாத புத்தகம். போட வேண்டியதும் இல்லை.

அர்ஜென்டினாவின் கிளாடியா பின்யேரோவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'எலேனாவுக்குத் தெரியும்' என்று தமிழில் பெயர் வைக்கலாம். எலேனா பார்க்கின்சன் நோய் வந்த வயதான அம்மா. மகள் ரீத்தா தேவாலயத்தின் மணிக்கூண்டில் தூக்கில் தொங்கினாள். தற்கொலை என்று போலீஸ் கோப்பை மூடிவிட்டது. எலேனா நம்பவில்லை. அன்று மழை வரும் போலிருந்தது; இடி மின்னலுக்குப் பயந்து மழை நாளில் ரீத்தா தேவாலயத்தின் பக்கமே போக மாட்டாள் என்பது அம்மாவுக்குத் தெரியும். அந்த ஒரு துப்பைப் பிடித்துக்கொண்டு ரயிலேறி பியூனஸ் அயர்ஸுக்குப் போகிறாள். மாத்திரை வேலை செய்கிற நேரத்தில்தான் கால் நகரும். தலை குனிந்தே இருப்பதால் எதிரில் நிற்பவரின் செருப்பும் தரையும்தான் அவளுக்குத் தெரியும். நாவலே மாத்திரை வேளைகளாகத்தான் பிரிந்திருக்கிறது. ஓட்டம், துரத்தல், துப்பாக்கி ஒன்றும் கிடையாது. ஒரு அம்மா நடந்து போகிறாள், அதுதான் சஸ்பென்ஸ். 2022இல் சர்வதேச புக்கர் இறுதிப் பட்டியலில், அந்த ஆண்டு பரிசு வென்ற கீதாஞ்சலி ஸ்ரீயின் நாவலோடு இதுவும் இருந்தது. சின்னப் புத்தகம். மொழிபெயர்க்க வருடக்கணக்காகாது.

அதைவிட வேகம் வேண்டுமென்றால் நைஜீரியாவின் ஓயின்கான் பிரெய்த்வெய்ட். லாகோஸில் ஒரு நர்ஸ். அவளுடைய அழகான தங்கை காதலர்களைக் கொன்றுவிட்டு அக்காவுக்கு போன் போடுவாள். அக்கா பிளீச்சோடு போய்த் துடைத்துக் கழுவிவிட்டு வருவாள். இது மூன்றாவது தடவை. அந்த நாவல் 2018இல் வந்து அடுத்த ஆண்டே புக்கர் நெடும்பட்டியலில் ஏறியது. அக்கா தங்கை உறவைப் பற்றி நமக்குச் சொல்லியா தர வேண்டும்!

சரி, இத்தனை பேரை எப்படித்தான் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். அதற்கும் பெண்களே வழி பண்ணி வைத்திருக்கிறார்கள். சிகாகோவைக் களமாக வைத்து எழுதும் சாரா பாரெட்ஸ்கியும் கூட இருந்தவர்களும் 1986இல் 'சிஸ்டர்ஸ் இன் க்ரைம்' என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பெண்கள் எழுதும் க்ரைமுக்குப் பத்திரிகைகளில் மதிப்புரை வருவதில்லை, பரிசும் வருவதில்லை என்பது குறை. வெறுமனே புலம்பாமல், எந்தப் பத்திரிகையில் யார் புத்தகத்துக்கு மதிப்புரை வந்தது என்று உட்கார்ந்து எண்ணினார்கள். எண்ணிக்கையை எடுத்துக் காட்டிக் கேட்டார்கள். அதோடு, உறுப்பினர்களின் புத்தகப் பட்டியல் ஒன்றைத் தயாரித்துக் கடைகளுக்கும் நூலகங்களுக்கும் அனுப்பினார்கள். எவ்வளவு சாதாரணமான வேலை பாருங்கள்! பட்டியல் கையில் இருந்தால் கடைக்காரர் யோசித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

அந்தச் சங்கத்தின் ஆஸ்திரேலியக் கிளை, பெண்கள் எழுதும் க்ரைம் புத்தகங்களுக்கென்றே 2001இலிருந்து டேவிட் விருது தருகிறது. ஆஸ்திரேலியாவின் முதல் துப்பறியும் நாவலை 1865இல் எழுதிய எல்லன் டேவிட்டின் பெயரில். ஒவ்வொரு ஆண்டும் அவர்களுடைய பட்டியலைப் பார்த்தாலே புதுப் பெயர்கள் வந்து விழும். பிரிட்டனின் க்ரைம் எழுத்தாளர் சங்கம் மொழிபெயர்ப்பு நாவல்களுக்குத் தனியாக ஒரு பரிசு வைத்திருக்கிறது. நான் மேலே சொன்ன ஃப்ரெட் வர்காஸ் அதை நான்கு முறை வாங்கியவர். எட்கர் விருதின் பழைய இறுதிப் பட்டியல்களைப் புரட்டினால் இன்னும் கிடைக்கும். வென்றவரை எல்லாரும் வாங்குவார்கள். நீங்கள் தோற்றவர்களைப் பாருங்கள். உரிமையும் மலிவாக வரும்.

உரிமை என்றதும் உங்கள் முகம் மாறுவது எனக்குத் தெரிகிறது. டாலரில் கேட்கிறார்கள், முந்நூறு ஐந்நூறு பிரதி போடுகிற நாங்கள் எங்கே போவது என்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் உரிமையே வாங்க வேண்டாதவர்களிடமிருந்து ஆரம்பியுங்கள். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் காலமாகி 60 ஆண்டு முடிந்தால் பதிப்புரிமை தீர்ந்துவிடுகிறது. ஜோசஃபின் டே 1952இல் காலமானார். டோரதி சேயர்ஸ் 1957இல். 1878இலேயே நியூயார்க்கைக் களமாக வைத்துத் துப்பறியும் நாவல் எழுதி, விற்பனையில் சாதனை செய்த ஆன்னா கேதரின் கிரீன் 1935இல். இவர்கள் தனியாக எழுதி, வாழ்ந்த காலத்திலேயே ஆங்கிலத்தில் வெளிவந்த நாவல் எதையும் நீங்கள் இங்கே தாராளமாகத் தமிழாக்கிப் போடலாம். மார்ஜரி அலிங்ஹாம் 1966இல் காலமானார். 2027 பிறந்தால் அவரும் வந்துவிடுவார்.

ஜோசஃபின் டேயின் 'த டாட்டர் ஆஃப் டைம்' ஒன்று போதும். 1951இல் வந்தது. காலொடிந்து மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் ஸ்காட்லாந்து யார்டு இன்ஸ்பெக்டர் ஒருவர், பொழுது போகாமல், ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு வழக்கைக் கையில் எடுக்கிறார். மூன்றாம் ரிச்சர்டு மன்னன் தன் அண்ணன் பிள்ளைகளைக் கொன்றான் என்று பள்ளிப் பாடத்திலிருந்து நாடகம் வரை சொல்லி வைத்திருக்கிறார்கள். உண்மையா? கட்டிலை விட்டு நகராமல், ஓவியத்தையும் ஆவணத்தையும் வைத்தே விசாரிக்கிறார். பிரிட்டிஷ் க்ரைம் எழுத்தாளர் சங்கம் 1990இல் எல்லாக் காலத்துக்குமான சிறந்த க்ரைம் நாவலாக இதைத் தேர்ந்தெடுத்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று இன்றுவரை சண்டை போட்டுக்கொண்டிருக்கும் ஊரில் இந்தப் புத்தகம் விற்காது என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கையோடு வை.மு.கோ.வின் துப்பறியும் நாவல்களையும் தேடி எடுங்கள். அவர் 1960இல் காலமானார். 60 ஆண்டு தாண்டிவிட்டது. எழுத்துப் பிழைகளைத் திருத்தி, ஒரு நல்ல முன்னுரையோடு, கண்ணுக்கு உறுத்தாத எழுத்தளவில் போடுங்கள். பழைய நடை, ஆமாம். வடுவூராரை வாங்குகிறவர்கள் இவரையும் வாங்குவார்கள்.

வெளிநாடு தூரம் என்றால் பக்கத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். சுஜாதா மாஸ்ஸியின் பர்வீன் மிஸ்திரி 1921 பம்பாயில் வக்கீல். கோஷா வீட்டுக்குள் ஆண் போலீஸ் நுழைய முடியாது, இவள் நுழைவாள். அந்த ஒரு வசதியில்தான் வழக்கே நகர்கிறது. கல்பனா சுவாமிநாதன் மும்பையில் அறுவை சிகிச்சை நிபுணர். அவருடைய லல்லி அறுபது தாண்டிய, ஓய்வு பெற்ற போலீஸ் துப்பறிவாளர். பெங்களூரில் சூழலியல் பேராசிரியராக இருக்கும் ஹரிணி நாகேந்திரா, 1920களின் பெங்களூரில் கணக்குப் போடுவதில் ஆசையுள்ள ஒரு இளம் மனைவியைத் துப்பறிய விட்டிருக்கிறார். தீபா அனப்பாராவின் முதல் நாவலில் ஓர் இந்திய நகரத்தின் குடிசைப் பகுதியில் காணாமல் போகும் பிள்ளைகளை இன்னொரு பிள்ளை தேடிப் போகிறான். அது 2021இல் எட்கர் விருதே வாங்கியது. சிங்கப்பூரின் ஓவிடியா யூ, சாப்பாட்டுக் கடை நடத்தும் ஆன்ட்டி லீயை வைத்துத் தொடர் எழுதியிருக்கிறார். நம் வாசகர்களுக்குத் தெரிந்த தெருக்கள் அதில் வரும்.

தமிழுக்கு வருகிறேன். அம்பையின் 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' உங்களில் எத்தனை பேர் படித்தீர்கள்? மும்பையில் சுதா குப்தா என்ற தனியார் துப்பறிவாளர். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்துத் தருவது போன்ற சில்லறை வேலைகள் நடுவே பெரிய வழக்குகளும் வருகின்றன. சமையலும் டீயும் குடும்பமும் கூடவே ஓடுகின்றன. 2016இல் ஆங்கிலத்திலும் வந்தது. அம்பை என்றால் தீவிர இலக்கியம் என்று அந்தப் பக்க அலமாரியில் செருகிவிட்டதால், க்ரைம் வாசகர்கள் பாதிப் பேருக்கு இப்படி ஒரு புத்தகம் இருப்பதே தெரியாது. அதை இந்தப் பக்கமும் இரண்டு பிரதி அடுக்கினால் குடி முழுகிப் போகாது.

கைபேசிச் செயலிகளில் இன்று எழுதுகிற பெண்களைக் கவனிக்கிறீர்களா என்று தெரியவில்லை. வேலைக்குப் போய்வந்து, அடுப்பை அணைத்துவிட்டு, அத்தியாயம் அத்தியாயமாகத் த்ரில்லர் எழுதுகிறார்கள். சிலது மோசம், ஒரே அத்தியாயத்தில் நாலு கொலை, நாலுக்கும் காரணம் கிடையாது. சிலதில் வசனம் பிரமாதம், முடிச்சு தளர்ந்துபோகிறது. இவர்களுக்குத் தேவை ஒரு கறாரான எடிட்டர். "பதினேழாம் அத்தியாயத்தில் சாவி அவளிடம் இருக்கிறது, இருபதில் எப்படிப் பூட்டு உடைந்தது?" என்று கேட்கிற ஆள். அந்த ஆளை நீங்கள்தான் சம்பளம் கொடுத்து வைக்க வேண்டும். வருடத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து, முன்பணம் கொடுத்து, ஆறு மாதம் கூட உட்கார்ந்து செப்பனிட்டு வெளியிடுங்கள். போட்டி, பரிசு, மேடை, பொன்னாடை எல்லாம் அப்புறம்.

அட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விழிகள் பிதுங்க, கலைந்த சேலையில் கிடக்கும் பெண் பிணத்தை அட்டையில் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. பெண்ணை அடிப்பது, பின்தொடர்வது, வன்புணர்வது, கொல்வது எதுவும் இல்லாத த்ரில்லருக்கென்று 2018இல் பிரிட்டனில் ஸ்டான்ச் என்றொரு பரிசு ஆரம்பித்தார்கள். வால் மெக்டர்மிட் போன்ற மூத்த பெண் எழுத்தாளர்களே அதை எதிர்த்தார்கள்; நடப்பதை எழுதக் கூடாதா என்று. நான் மெக்டர்மிட் கட்சி. உள்ளே எழுதட்டும், தாராளமாக. ஆனால் அந்தப் பிணத்தை அட்டையில் போட்டு விற்பது உங்கள் முடிவு. பஸ்ஸில் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நாங்கள்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒழுங்காகப் பணம் கொடுங்கள், பெயரை அட்டையிலேயே போடுங்கள். ஜப்பானிய நாவலை ஆங்கிலம் வழியாகக் கொண்டுவந்தால் அதைச் சொல்லிவிடுங்கள்; யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். ஆரணியார் காலத்தில் லண்டன்காரர்களுக்கெல்லாம் தமிழ்ப் பெயர் சூட்டினார்கள், ரசித்துப் படித்தோம். இப்போது வேண்டாம், யாயோயியை யசோதாவாக்காதீர்கள். தொடர் நாவல் என்றால் இது எத்தனையாவது, முன்னால் வந்தவை எவை என்று உள்பக்கத்தில் அச்சிடுங்கள். பின்னட்டையில் இருநூறாம் பக்கத்துத் திருப்பத்தை எழுதுகிற ஆளை வேறு வேலைக்கு மாற்றுங்கள்.

விற்குமா என்பது உங்கள் கவலை. நூலக ஆணை வந்தால்தான் போட்ட காசு திரும்பும் என்பதும் புரிகிறது. கிளை நூலகங்களில் க்ரைம் அட்டைகள்தான் நைந்து போய்த் தையல் விட்டுக் கிடக்கின்றன. நூலகரைக் கேட்டால் சொல்வார். தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் இதைப் படித்தால், அந்த நைந்த புத்தகங்களை யார் எடுத்துப் போகிறார்கள் என்று பதிவேட்டைப் பார்க்கட்டும்.

எங்கே ஆரம்பிப்பது என்று என்னைக் கேட்டால், வங்காளத்தின் மித்தின் மாசியைச் சொல்வேன். சுசித்ரா பட்டாச்சார்யா எழுதிய தொடர். கொல்கத்தாவில் துப்பறியும் நிறுவனம் நடத்தும் மித்தின், கூட எடுபிடியாக அக்கா மகள் டுப்பூர். மித்தினின் கணவன் சாப்பாட்டுப் பிரியர். அவருக்குத் துப்பறிவது வராது, ஆனால் தனக்கு வரும் என்று நினைப்பு. சத்யஜித் ரேயின் ஃபெலுடா தமிழுக்கு வந்து நம் பிள்ளைகள் படித்துவிட்டார்கள். மித்தினைத் தமிழில் நான் இன்னும் பார்க்கவில்லை. சின்னப் புத்தகங்கள், ரத்தம் குறைவு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். வங்காளத்திலிருந்து நேராகத் தமிழாக்கும் ஆட்களும் நம்மிடம் இருக்கிறார்கள். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குள் முதல் இரண்டைக் கொண்டுவந்தால், எனக்கு ஒன்று, என் அக்கா மகளுக்கு ஒன்று என்று இப்போதே சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தமிழில் க்ரைம் படிக்கும் ஒரு வாசகி